புது கார்: முதல் ஆயில் மாற்றம் எப்போது?

புது காரின் 1,000 கி.மீ. இலவச சர்வீஸில் எஞ்சின் ஆயிலை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. புது எஞ்சினில் உதிரும் நுண்ணிய உலோகத் துகள்களை ஆயில் ஃபில்டரே பிடித்துக்கொள்ளும். இலவச சர்வீஸில் பொதுவாகக் கூலி மட்டுமே இலவசம், ஆயிலுக்குக் காசு நாம்தான் கொடுக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் (எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு பார்ப்பதை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.

தினமும் இரண்டு மூன்று கி.மீ. மட்டுமே ஓடும் வண்டிக்கு இந்த 10,000 கி.மீ. கணக்கு பொருந்தாது. எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். அதற்கும் புழுதிச் சாலை ஓட்டத்துக்கும் கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த இடைவெளியில் மாற்றிவிடுங்கள்.