இருக்கை வாரியான எண்களைக் கொண்டு போக்கர் எதிராளியைக் கணிப்பது எப்படி?

போக்கரில் ஒருவரது ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் ஒரே ஓர் எண்ணைத்தான் சொல்கிறார்கள். மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறக்கப்படும் ஃப்ளாப்புக்கு முன், நடுவில் சேரும் பந்தயத் தொகையான ‘பாட்’டில் அவர் தாமாக முன்வந்து பணம் போடும் விகிதமான விபிஐபிதான் அது. அந்த மொத்த எண் மறைப்பதே அதிகம். அதை இருக்கை வாரியாகப் பிரித்தால்தான் ஆள் பிடிபடுவார்.

ஆறு பேர் ஆடும் டெக்சாஸ் ஹோல்டம் மேசையில், விபிஐபி 24 சதவீதம் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு, முதலில் முடிவெடுக்க வேண்டிய யூடிஜியில் 14, அடுத்த இருக்கையில் 17, பட்டனுக்கு முந்தைய இருக்கையான கட்-ஆஃபில் 25, சீட்டு பகிர்பவரின் இருக்கையான பட்டனில் 44, கட்டாயப் பந்தயம் வைக்கும் இரு பிளைண்டுகளிலும் (ஸ்மால், பிக்) தலா 22 என்று எண்கள் ஏறி இறங்குகின்றன. இரண்டாமவருக்கோ எந்த இருக்கையிலும் 22க்குக் குறையவில்லை, 25ஐத் தாண்டவும் இல்லை; யூடிஜியில் 23. முதலாமவர் தமக்குப் பின்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து ஆடுகிறார். இரண்டாமவர் கையிலுள்ள சீட்டை மட்டுமே பார்க்கிறார்.

இதைச் சேர்க்கைகளாக மாற்றினால் வேறுபாடு இன்னும் துலங்கும். இரு சீட்டுகளைக் கொண்டு அமையக்கூடிய சேர்க்கைகள் மொத்தம் 1,326. யூடிஜியில் முதலாமவர் ஏறக்குறைய 186 சேர்க்கைகளையும் இரண்டாமவர் 305ஐயும் ஆடுகிறார்கள். பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரையிலானவற்றில் 30 சேர்க்கைகளும், ஏஸ்-கிங், ஏஸ்-குயின் இரண்டிலுமாக 32 சேர்க்கைகளும் உள்ளன. இந்த 62, முதலாமவர் ஆடும் சேர்க்கைகளின் தொகுப்பான வீச்சில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாமவரது வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே ஏஸ்-ஜாக் வைத்திருப்பவர், முதலாமவர் யூடிஜியில் ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) பெரும்பாலும் ஃபோல்ட் செய்துவிடுவதே (சீட்டைக் கைவிடுவதே) நல்லது.

இரண்டாமவரிடம் அதையே வைத்துத் துணிந்து ஆடலாம் என்று தோன்றும். ஆனால் ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்யும் விகிதமான பிஎஃப்ஆரைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது. அந்த இருக்கையில் அவரது பிஎஃப்ஆர் 6தான் என்றால், அவர் ரெய்ஸ் செய்யும் சேர்க்கைகள் 80 மட்டுமே, அவற்றில் மிகப் பெரும்பாலானவை மேற்சொன்ன 62ஆகவே இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஆடுகிற ஆள் என்று இளக்காரமாக எண்ணி, அவரது ரெய்ஸுக்குக் கால் செய்து (அதே தொகையைப் போட்டு) மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். அவர் ரெய்ஸ் செய்யாமல் வெறுமனே பிக் பிளைண்டை ஈடுகட்டி உள்ளே வந்தால், வலுவான சீட்டுகள் அவரிடம் அநேகமாக இல்லை. அதே ஏஸ்-ஜாக்கைக் கொண்டு ரெய்ஸ் செய்ய வேண்டிய தருணம் அதுதான்.

பிளைண்டுகளில் இருப்பவர்களிடம் பார்க்க வேண்டியது, கடைசி இருக்கைகளிலிருந்து வரும் ரெய்ஸுக்கு அவர்கள் ஃபோல்ட் செய்யும் விகிதம். பட்டனிலிருந்து பிக் பிளைண்டைப் போல் 2.5 மடங்கு போட்டு, இரு பிளைண்டுகளும் சேர்ந்து நடுவில் வைத்த 1.5 மடங்கைக் கவர முயன்றால், இருவரும் சேர்ந்தாற்போல் 62.5 சதவீதம் ஃபோல்ட் செய்தாலே, பிறகு ஒரு பாட்டையும் வெல்லாவிட்டாலும் நட்டமில்லை. ஸ்மால் பிளைண்டுக்காரர் 85, அவருக்குப் பின் பிக் பிளைண்டுக்காரர் 75 சதவீதம் விட்டுக்கொடுத்தால், இரண்டையும் பெருக்கினால் 63.75, எல்லை தாண்டிவிட்டது. பிக் பிளைண்டில் யாரும் ரெய்ஸ் செய்யாதபோது கூடுதல் பணம் போடாமல் செக் செய்து ஃப்ளாப்பைப் பார்ப்பது விபிஐபியில் சேராது என்பதால், அந்த இருக்கையின் எண்ணைப் பிற இருக்கைகளோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

இருக்கை வாரியாகப் பிரிக்கும்போது தரவு மெலிந்துவிடும். 600 ஹேண்டுகள் (ஆட்டச் சுற்றுகள்) என்பது இருக்கைக்கு வெறும் 100தான். அதில் 20 சதவீதம் என்று தெரிவது, உண்மையில் 12ஆகவும் இருக்கலாம், 28ஆகவும் இருக்கலாம். தரவு குறைவாக இருக்கும்போது யூடிஜியையும் அதற்கடுத்த இருக்கையையும் ஒரு தொகுதியாகவும், கட்-ஆஃபையும் பட்டனையும் இன்னொரு தொகுதியாகவும் சேர்த்துப் படிக்கவும். மேசையில் ஆட்கள் குறையும்போது இருக்கைகளை பட்டனிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நால்வர் மட்டும் ஆடுகையில் முதலில் முடிவெடுப்பவர் கட்-ஆஃபில் இருப்பவரே என்பதால், அவரது எண்ணை ஆறு பேர் மேசையின் யூடிஜி எண்ணோடு கலந்துவிட்டால் கணிப்பு பிசகும்.