பலத்த காயம்: ரத்தம் உறைவதை நாமே கெடுக்கும் விதங்கள்

லாரி மோதி இடுப்பெலும்பு நொறுங்கியவருக்கு ரத்தம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உடம்பில் மிச்சமிருக்கும் ரத்தமும் உறையும் திறனை இழந்துகொண்டிருக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. பலத்த காயத்தோடு வருபவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே இந்தக் கோளாறு இருப்பதை 2003-ல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. அதுவரை, இது சிகிச்சையின்போது பிறகு வருவது என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். திசு நசுங்குவதும் ரத்த ஓட்டம் குறைவதும் சேர்ந்தே இதைத் தொடங்கிவைக்கின்றன. நாம் செய்யும் தவறுகள் அதற்கு மேல்.

முதலில் சலைன். பிரஷர் இறங்கினால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகிறது. இரண்டு லிட்டர் ஓடியதும் பிரஷர் ஏறும், சுற்றி நிற்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் புரதம் எதுவும் சலைனில் கிடையாது. இருப்பதையும் அது நீர்க்கவைக்கிறது. ஏறிய பிரஷர், காயத்தை அடைத்திருந்த ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடவும் கூடும். தலைக்காயம் இல்லை என்றால், ரத்தக்கசிவை நிறுத்தும்வரை மேல் பிரஷர் 80-90 போதும் என்பதே இப்போதைய அணுகுமுறை. தலையில் அடிபட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அவர்களுக்குக் கூடுதல் பிரஷர் வேண்டும்.

அப்புறம் குளிர். என்னைக் கேட்டால் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். உடையை வெட்டி எடுத்துவிட்டு, நனைந்த விரிப்பிலேயே, ஏசி அறையில் ஸ்கேனுக்குக் காத்திருக்கவைக்கிறார்கள். உடல் வெப்பம் 34 டிகிரிக்குக் கீழே போனால் தட்டணுக்களும் உறைதல் புரதங்களும் மந்தமாகிவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லேபில் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பி.டி., ஏ.பி.டி.டி. சோதனைகளைப் பார்க்கும்போது மாதிரியை 37 டிகிரியில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நோயாளி 33 டிகிரியில் கிடக்க, அவருடைய ரத்தம் லேபின் இதமான சூட்டில் ஒழுங்காக உறைந்து, ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரலாம். கட்டு நனைந்துகொண்டே இருந்தால் அந்தக் காகிதத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஈரத்தை அகற்றி, கம்பளி போர்த்த வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து வரும் ரத்தத்தை வார்மர் வழியாக ஏற்ற வேண்டும். அவசரத்துக்குப் பையை வெந்நீரில் முக்கினால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

சிவப்பணுப் பைகளை மட்டும் அடுத்தடுத்து ஏற்றுவதும் சலைன் கதைதான். உறைதல் புரதங்கள் உள்ள பிளாஸ்மாவும் தட்டணுக்களும் கூடவே போக வேண்டும். 2015-ல் வெளியான 680 பேர் ஆய்வில், மூன்றையும் சம அளவில் கொடுத்தபோது ஒட்டுமொத்த இறப்பில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் போயே இறந்தவர்கள் குறைந்தார்கள். கால்சியத்தை மறக்கக் கூடாது: ரத்தம் பையிலேயே உறைந்துவிடாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் அதைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது.

டிரானெக்ஸாமிக் ஆசிட், உறைந்த ரத்தக்கட்டி கரைந்துபோகாமல் காக்கும், விலை குறைந்த ஊசி. 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு, இது உயிரிழப்பைக் குறைப்பதை 2010-ல் நிரூபித்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். அதைத் தாண்டிக் கொடுத்தவர்களில் ரத்தக்கசிவால் இறந்தவர்கள் அதிகம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள் என்று கொடுக்காமல் அனுப்பிவைத்தால், அந்த மூன்று மணி நேரம் வழியிலேயே தீர்ந்துவிடும்.

வீட்டாருக்கு ஒன்று. அடிபட்டவர் இதய வால்வுக்காக அசிட்ரோமோ வார்ஃபரினோ, ஸ்டென்டுக்காக குளோபிடோக்ரலோ சாப்பிடுகிறாரா? இவை ரத்தம் உறையவிடாத மாத்திரைகள். யாராவது கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையையே கொண்டுவந்து காட்டுங்கள். 'ஏதோ ஹார்ட் மாத்திரை' என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.

கசிவு நின்று ஓரிரு நாளில் நிலைமை தலைகீழாகும்: இப்போது ரத்தம் தேவையில்லாமல் உறையும். அதைத் தடுக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியை, 'இவ்வளவு ரத்தம் போனவருக்கு இதுவா?' என்று பயந்து மறுக்கிறார்கள். எப்போது தொடங்குவது என்பதை, குறிப்பாகத் தலைக்காயத்தில், டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே வார்டு நர்ஸிடம் சொல்லுங்கள்.