விபி6 புரோகிராமை டொட்நெட்டுக்கு மாற்ற முதல் பாமினியை மாற்றுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய பில் புரோகிராம் ஒன்றைத் திறந்தால் விபி6 (விஷுவல் பேசிக் 6) திரைகளும் பின்னால் தரவை வைத்திருக்கும் ஓர் அக்சஸ் எம்டிபி கோப்பும் இருக்கும். விபி6 எழுதும் மென்பொருளுக்கு மைக்ரோசொப்டின் ஆதரவு 2008இலேயே முடிந்துவிட்டது. அந்தப் பில் புரோகிராமின் திரைகளை டொட்நெட்டின் சி ஷார்ப் விண்போர்ம்ஸுக்கும் தரவை எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தளத்துக்கும் கொண்டுபோவதே இங்கே வேலை. புதியவர்கள் திரைகளில் தொடங்குவார்கள்; நீங்கள் தரவில் தொடங்குங்கள்.

முதலில் எம்டிபியைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். எம்டிபியைத் திறக்கும் ஜெட் 4.0 புரொவைடர் 32 பிட் மட்டுமே. மாற்றும் புரோகிராமை எக்ஸ்86 (32 பிட்) ஆகக் கம்பைல் செய்யாவிட்டால் ‘புரொவைடர் பதிவாகவில்லை’ என்று பிழை வரும். கோப்பைக் குறை சொல்லவேண்டாம்.

அடுத்து, எந்தக் கொலம்களில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட்டில் அடித்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். விபி6இன் திரையைச் சேமிக்கும் எவ்ஆர்எம் கோப்பு வெறும் எழுத்துக்கோப்புத்தான். நோட்பாட்டில் திறந்து பாமினி என்ற ஃபொன்ட் பெயரைத் தேடினால் அந்தப் பெட்டிகள் அகப்படும்; அவற்றில் அடித்தது சேரும் கொலம்களே பாமினிக் கொலம்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். பாமினியில் சேமித்த தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளே. ‘கடை’ என்பது சின்ன எவ், ஐ, எல். ‘குடை’யும் அதே மூன்றுதான், எவ் மட்டும் பெரியது. எஸ்கியூஎல் சேர்வரின் வழக்கமான கொலேஷனுக்கு, அதாவது எழுத்துகளை ஒப்பிடும் விதிக்கு, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. அங்கே ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் ரிப்ளேஸ் போட்டால் குடையெல்லாம் கடையாகிவிடும். ஆகவே சி ஷார்ப்பில் யுனிகோடுக்கு, அதாவது தமிழுக்கென்று தனிக் குறியெண் உள்ள முறைக்கு, மாற்றுங்கள். அதன் ரிப்ளேஸ் இரண்டையும் பிரித்தறியும்.

வரிசையும் முக்கியம். பாமினியில் கொம்பு முன்னுக்கு வரும், யுனிகோடில் எழுத்துக்குப் பின்னால். ‘கோ’ என்பது பெரிய என், சின்ன எவ், சின்ன எச். மூன்றையும் ஒன்றாகவே மாற்றவேண்டும். கொம்பைத் தனியே மாற்றினால் அது எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கும். மூன்றெழுத்துச் சேர்க்கைகள் முதலில், பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று.

அதே கொலத்தில் ‘பிவிசி பைப்’ என்று ஆங்கிலத்திலும் அடித்திருப்பார்கள். அதையும் மாற்றினால் குப்பைதான். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியாக (;) இருக்கும். அக்குறி இல்லாத வரிகளை ஒதுக்கிக் கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலை, ஆனால் குறுக்கு வழியில்லை.

புதிய அட்டவணையில் தமிழ்க் கொலம்களுக்கு யுனிகோடை ஏற்கும் என்வார்சார் வகையை வையுங்கள். வார்சார் வைத்தால் கேள்விக்குறிகளே மிஞ்சும். பணத்துக்கு டெசிமல் 19,4 (மொத்தம் 19 இலக்கம், அதில் தசமத்துக்குப் பின் 4). திகதிக்கு டேட்டைம்2: 2004ஐ யாரோ 204 என்று அடித்திருந்தால் அக்சஸ் ஏற்றிருக்கும், 1753இல் தொடங்கும் பழைய டேட்டைம் ஏற்காது. அக்சஸில் ‘ஆம்’ என்பது -1, இங்கே 1. பழைய குவெரியில் (தரவு தேடும் கட்டளையில்) -1 கிடந்தால் பிழை காட்டாமலே வெற்றுப் பட்டியல் வரும்.

வரி எண்ணிக்கையும் பில் தொகைகளின் கூட்டலும் இரு பக்கமும் சதம் பிசகாமல் ஒத்துவந்தபின் திரைகளைத் தொடுங்கள். டாப் கீயை அழுத்தப் பெட்டிகள் மாறும் வரிசையைப் பழையபடியே விடுங்கள். காசாளரின் விரல்கள் அதற்குப் பழகியிருக்கும்.