மின்னூலகப் புத்தகத்துக்குப் பதிப்புரிமை இருக்கிறதா? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன் செய்த பழைய புத்தகம் ஒன்று மின்னூலகத்தில் கிடைக்கிறது. முழுவதும் படிக்க முடிகிறது, இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. அப்படியானால் மறுபதிப்பு போடலாம், தட்டச்சு செய்து வேறு தளத்தில் ஏற்றலாம் என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் படிக்கத் திறந்திருப்பது ஒன்று, பதிப்புரிமை முடிந்துபோயிருப்பது வேறு. உரிமையாளரே படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கலாம். ஏற்றியவர் எதையும் பார்க்காமல் ஏற்றியிருக்கலாம். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற மின்னூலகத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிக் கோப்பு ஏற்றலாம். உரிமம் என்ற கட்டத்தையும் ஏற்றுபவரே நிரப்புகிறார். அங்கே 'கிரியேட்டிவ் காமன்ஸ்' (பிறர் பயன்படுத்த உரிமையாளர் முன்கூட்டியே தரும் பொது உரிமம்) என்று இருந்தாலும், ஸ்கேன் மட்டும் செய்தவருக்கு அடுத்தவர் எழுத்துக்கு உரிமம் கொடுக்க அதிகாரம் கிடையாது.

இதற்கு நேர் எதிரான தவறும் அதே அளவு நடக்கிறது. படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால் உரிமை இருக்கிறது என்று நினைத்துவிடுவது. ஹாத்திடிரஸ்ட் போன்ற பெரிய மின்னூலகங்கள் முதலில் நூற்பட்டியலில் உள்ள ஆண்டையும் நாட்டையும் வைத்துத் தானியங்கியாக முடிவெடுக்கின்றன. சந்தேகம் என்றால் பூட்டு. பிறகுதான் ஒரு பகுதி நூல்களை ஆட்கள் பார்க்கிறார்கள்: ஹாத்திடிரஸ்டில் இரண்டு பேர் ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் பார்ப்பார்கள், முடிவு ஒத்துப்போகாவிட்டால் அனுபவமுள்ள மூன்றாவது ஆள் தீர்ப்பார். ஆகவே பூட்டிய நூல்களில் பல, இன்னும் யாரும் எடுத்துப் பார்க்காதவை மட்டுமே. உரிமை முடிந்த நூல் பூட்டிக் கிடப்பதால் ஆசிரியரின் வாரிசுக்கும் லாபமில்லை, படிப்பவருக்கும் லாபமில்லை. எனக்கு இந்தத் தவறுதான் அதிகம் வலிக்கிறது.

அடுத்தது நாடு. 'உரிமை முடிந்துவிட்டதா?' என்று கேட்பவர் 'எந்த நாட்டில்?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இலங்கையிலும் 70. அமெரிக்காவில் 1977 வரை வெளியான நூல்களுக்குக் கணக்கே வேறு: ஆசிரியர் எப்போது இறந்தார் என்பது பொருட்டல்ல, வெளியான ஆண்டிலிருந்து அதிகபட்சம் 95 ஆண்டு. எல்லாக் கணக்கும் டிசம்பர் 31-இல்தான் முடியும்; 1930-இல் வெளியான நூல் அமெரிக்காவில் உரிமை முடிந்து பொதுவுக்கு வந்தது 2026 ஜனவரி 1 அன்று.

இதனால் விசித்திரமான நிலைகள் வரும். 1945-இல் இறந்த இந்திய ஆசிரியர் ஒருவர் 1940-இல் இந்தியாவில் மட்டும் வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2006 தொடக்கத்திலிருந்து அதை யாரும் அச்சிடலாம். அமெரிக்காவிலோ, 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமையோடு இருந்த வெளிநாட்டு நூல்களுக்கெல்லாம் உரிமை மீட்டுக் கொடுக்கப்பட்டது. அதனால் இதே நூல் அங்கே 2035 முடிய உரிமைக்குள் இருக்கும். தலைகீழாகவும் நடக்கும். 1905-இல் இளம் வயதில் எழுதிய ஒருவர் 1970 வரை வாழ்ந்திருந்தால், அந்த நூல் அமெரிக்காவில் எப்போதோ பொது, பிரிட்டனில் 2040 முடியும்வரை இல்லை. சில புத்தகங்கள் அமெரிக்க வாசகருக்கு மட்டும் திறந்து, மற்றவர்களுக்குப் பூட்டியிருப்பது இதனால்தான்.

இன்றைய சட்டத்தை அப்படியே பழைய மரணங்களுக்குப் பொருத்துவதும் ஆபத்து. கனடா 2022 முடிவில் 50 ஆண்டை 70 ஆக்கியது. ஆனால் ஏற்கெனவே முடிந்துபோன உரிமைகளை அது உயிர்ப்பிக்கவில்லை. 1971-இல் இறந்த ஆசிரியரின் நூல்கள் அங்கே 2022 தொடக்கத்திலேயே பொதுவாகிவிட்டன. எழுபதைக் கூட்டிப் பார்ப்பவர் 2041 வரை வீணாகக் காத்திருப்பார். இந்தியா 50-ஐ 60 ஆக்கியபோதும் இப்படித்தான்: 1940 அல்லது அதற்கு முன் இறந்தவர்களின் நூல்கள் பொதுவாகவே தொடர்ந்தன. 1941-இல் இறந்த தாகூரின் நூல்களுக்குப் பத்தாண்டு கூடியது.

அமெரிக்க நூல்களில் பலரும் தவறவிடுவது புதுப்பித்தல். 1963 வரை அங்கே வெளியான நூலுக்கு முதலில் 28 ஆண்டுதான். இருபத்தெட்டாம் ஆண்டில் விண்ணப்பித்துப் புதுப்பித்தால்தான் உரிமை தொடரும், இல்லாவிட்டால் போயிற்று. புதுப்பிக்காத நூல்கள் ஏராளம். அதனால் 95 ஆண்டு ஆகவில்லை என்று பார்த்தவுடன் கையை விரித்துவிடக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் நூல் புதுப்பித்தல் பதிவுகளைத் தேடலாம். 1935 மார்ச்சில் வெளியான நூல் என்றால் 1962, 1963 இரண்டு ஆண்டுகளின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். பெயரை ஒரே விதமாக மட்டும் தேடாதீர்கள். மனைவியோ மகளோ புதுப்பித்திருக்கலாம், தலைப்பில் ஒரு சொல் மாறியிருக்கலாம். அந்தத் தளத்தில் இருப்பது நூல் வகைப் பதிவுகள் மட்டும். முதலில் பத்திரிகையில் தொடராக வந்த கதை என்றால், பத்திரிகைக்கான புதுப்பித்தலைத் தனியாகத் தேட வேண்டும்.

சரி, வெளியான ஆண்டு எது? எளிய கேள்வி போலத் தெரியும், ஆனால் தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். நூற்பட்டியலில் [1925?] என்று அடைப்புக்குள் கேள்விக்குறியோடு இருந்தால், அது அட்டவணை தயாரித்தவரின் ஊகம். 19-- என்றால் நூற்றாண்டு மட்டுமே தெரியும் என்று பொருள். 1895- என்று கோடு போட்டு நின்றால் அது பல பாகங்கள் கொண்ட வரிசை. உங்கள் கையில் இருக்கும் ஏழாம் பாகம் 1938-இல் வந்திருக்கலாம். ஒரே அட்டைக்குள் மூன்று தனி நூல்களைச் சேர்த்துத் தைத்த தொகுப்புகளும் உண்டு. பட்டியலில் முதல் நூலின் ஆண்டு மட்டும் ஏறியிருக்கும். அதனால் பட்டியலை நம்பி நிற்காமல் ஸ்கேனைத் திறந்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கண்ணால் பாருங்கள். வெறும் மறு அச்சா, திருத்திய பதிப்பா என்று அங்கேதான் தெரியும். மறு அச்சு புதிய உரிமையைத் தராது. திருத்திய பதிப்பில் புதிதாகச் சேர்த்த பகுதிக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு.

அந்தப் பின்பக்கம் ஸ்கேனில் இல்லாமலும் போகலாம். தாள் கிழிந்திருக்கும், அல்லது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்று விடுபட்டிருக்கும். 1978-க்கு முன் அமெரிக்காவில் உரிமை அறிவிப்பு (உரிமையாளர் பெயரைச் சொல்லும் வரி) இல்லாமல் வெளியான நூலுக்கு உரிமையே இல்லை என்பது உண்மைதான். ஆனால் அறிவிப்பு அச்சாகவில்லை என்பதும், அறிவிப்பு இருந்த தாள் நம் பிரதியில் இல்லை என்பதும் ஒன்றாகாது. பக்க எண்களை வரிசையாகச் சரிபார்த்து, முடிந்தால் வேறொரு நூலகத்தின் பிரதியையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஆண்டு சரியாகக் கிடைத்த பிறகும் புத்தகத்தை முழுதாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஒரு நூல் என்பது பெரும்பாலும் ஒருவர் வேலை மட்டும் அல்ல. மூல ஆசிரியர் இறந்து இரு நூற்றாண்டு ஆகியிருக்கும், மொழிபெயர்த்தவர் 1980 வரை இருந்திருப்பார். அணிந்துரை, படங்கள், வரைபடம், வேறொருவரின் கவிதை என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை இருக்கலாம். 'அனுமதியோடு வெளியிடப்படுகிறது' என்ற சிறிய வரி நன்றியுரையிலோ படத்தின் அடியிலோ ஒளிந்திருக்கும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால், ஆயுட்கால அடிப்படையில் கணக்கிடும் நாடுகளில் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு.

இறந்த ஆண்டைத் தேடுவதிலும் கவனம் வேண்டும். ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் 1902- என்று இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமில்லை, பட்டியலை யாரும் புதுப்பிக்கவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். ஒரே பெயரில் இருவர் இருப்பது அதைவிடப் பெரிய வில்லங்கம். பிறந்த ஆண்டு, துறை, பிற நூல்கள் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் ஒரு மரணத் தேதியை எடுத்து ஒட்டிவிடக் கூடாது.

அரசு நூல் என்றால் பொது என்பது இன்னொரு நம்பிக்கை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதியதற்கு மட்டுமே அது அங்கே பொருந்தும். இந்தியாவில் அரசு வெளியீட்டுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. பிரிட்டனிலும் அரசு வெளியீடுகளுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், தேடினேன், உரிமையாளர் கிடைக்கவில்லை, ஆகவே யாருக்கும் சொந்தமில்லை என்று முடிப்பது. 2011-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், உரிமையாளர் தெரியாத நூல்களைத் தன் வாசகர்களுக்குத் திறந்துவிடும் திட்டத்துக்காக ஒரு பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த சில நூல்களின் உரிமையாளர்களை எழுத்தாளர் சங்கம் ஒன்று சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டது. அவர்களில் உயிரோடு இருந்த ஆசிரியரும் உண்டு. பல்கலைக்கழகம் திட்டத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலை, தேடல் முறையில் இருந்த ஓட்டையால் நின்றுபோனது. கிடைக்கவில்லை என்றால் 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதுங்கள், அதுவும் ஒரு நேர்மையான முடிவுதான்.

எழுதுவது என்றதும் ஒன்று. 'உரிமை இல்லை' என்று இரண்டு சொல்லில் குறித்துவைத்தால் அடுத்து வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். எந்த நாட்டுக்கான முடிவு, எந்தப் பிரதியின் ஸ்கேன், எந்தப் பக்கங்களைப் பார்த்தீர்கள், எந்தத் தரவுத்தளத்தில் எந்தெந்தப் பெயர்களில் எந்தத் தேதியில் தேடினீர்கள், ஆசிரியர் இறந்த ஆண்டு எங்கே கிடைத்தது என்று கோப்போடு சேர்த்து எழுதிவையுங்கள். பின்னாளில் வாரிசு ஒருவர் வந்து கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கும். முடிவு தவறு என்று தெரிந்தால் எந்த இடத்தில் தவறியது என்றும் உடனே தெரியும்.