ரொம்ப நாளா நிக்கிற பழைய காரை எழுப்புறது எப்படி

காலைல கண்ண முழிச்சா போர் செய்தி, அதுக்கு கீழயே ஏஐ வேலைய தின்னுடும்னு இன்னொன்னு, மனசு படபடன்னு அடிச்சுக்குதுல்ல, போனை உள்ள வெச்சிட்டு காருகிட்ட போங்க. மாசக்கணக்கா நின்ன பெட்ரோல் கெட்டிருக்கும், வடிச்சிட்டு புதுசு ஊத்துங்க. இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் பாத்துருங்க. பெட்ரோல் ஓஸ் வெடிப்பு விட்டிருந்தா மாத்தாம ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, தீப்பிடிச்சிரும்.

அப்புறம் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை, டிஸ்ட்ரிபியூட்டர், அதான் ஸ்பார்க் பிளக்குகளுக்கு கரன்ட்ட பிரிச்சு அனுப்புற பெட்டி, அதோட மூடிய கழட்டி, உள்ள கரன்ட்ட விட்டு விட்டு துண்டிக்கிற பாயின்ட்ட பாக்குறது. கருத்திருந்தா லேசா தேச்சுட்டு ஃபீலர் கேஜ்ங்கிற அளவுத் தகட வெச்சு பாயின்ட்டோட இடைவெளி சரிபண்ணுங்க, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு 0.4 மிமீ, மத்ததுக்கு மேனுவல்ல இருக்கும். கேஜ் லேசா உரசிட்டு வரணும், இந்த கணக்கெல்லாம் நம்ம விரலுக்கே புரியும், எந்த சாஃப்ட்வேர் அப்டேட்டும் வேணாம்.

ஷெட் கதவ நல்லா திறந்து வைங்க, புகை உசுருக்கே ஆபத்து. சோக்க, அதான் குளிர்ந்த இன்ஜினுக்கு காத்த குறைச்சு பெட்ரோல கூட்டிக் கொடுக்குற குமிழ, இழுத்து சாவிய திருப்புங்க, இன்ஜின் சூடாக சூடாக சோக்க மெல்ல உள்ள தள்ளுங்க.