ட்ரவுட் இப்போது ஓடையில் எங்கே இருக்கும்? தெர்மாமீட்டரை வைத்துத் தேடும் முறை

வசந்தத்தில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் வரிசையாக நின்ற ஓடைப் பகுதியில், கோடை முற்றியதும் ஒன்றுகூடத் தென்படாது. மீன் அழிந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டது. ட்ரவுட்டின் உடல் சூடு நீரின் சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதன் பசி, வேகம், முட்டையிடும் வேளை எல்லாமே அதற்கேற்ப மாறும். ஆகவே மாதத்தைப் பார்த்துத் தேடாதீர்கள், நீரின் வெப்பநிலையைப் பார்த்துத் தேடுங்கள். வடகோளத்தில் குளிர்காலமாக இருக்கும் மாதம் தென்கோளத்தில் கோடை. ஒரே ஆற்றிலும் மலைமேல் உள்ள கிளை ஓடை ஒரு பருவத்திலும் கீழே உள்ள ஆறு இன்னொரு பருவத்திலும் இருக்கலாம்.

தேவையானவை: கயிறு கட்டிய தெர்மாமீட்டர், 10 மீட்டர் டேப், கைக்கடிகாரம், நோட்டு, நீர்மேல் படும் ஒளியின் கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி, ஓர் ஆரஞ்சுப் பழம்.

படி 1: ஓடையை வரைந்துகொள்ளுங்கள்

200 அல்லது 300 மீட்டர் நீளம் போதும். முதலில் மூன்று வகை இடங்களைப் பிரியுங்கள். ஆழம் குறைந்து கல்மேல் நுரைத்து ஓடுவது சலசலப்பு. ஓரளவு ஆழத்தில் சீராகப் போவது ஓட்டம். ஆழமாக, மெதுவாக இருப்பது மடு. பிறகு கிளை ஓடை வந்து சேரும் முகம், கரையோர ஊற்று, நீர் அரித்த கரைக்குடைவு, நிழல் மரம், பெரிய பாறை, தடுப்பணை ஆகியவற்றைக் குறியுங்கள். தடுப்பணையை விட்டுவிடாதீர்கள். மீன் ஏற வழியில்லாத சுவர் ஒன்று இருந்தால், கீழே சொல்லும் பயணம் முழுவதும் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

படி 2: வெப்பநிலை

தெர்மாமீட்டரை நிழலில், ஓடும் நீரில், ஒரு முழ ஆழத்தில் இரண்டு நிமிடம் வைத்து, நீரிலிருந்து எடுக்காமலே படியுங்கள். வெளியே எடுத்துப் படித்தால் காற்றின் சூடு கலந்துவிடும். விடியலில் ஒரு முறை, பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் ஒரு முறை அளக்க வேண்டும். காலையில் மட்டும் அளப்பவர்கள் கோடையில் ஏமாந்துபோவார்கள். காலையில் 15 டிகிரி காட்டும் ஓடை மாலையில் 21-ஐத் தொடலாம். கிளை ஓடை முகத்திலும் ஊற்றடியிலும் தனியாக அளந்து எழுதுங்கள். நிலத்தடி நீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால், அந்த இடங்கள் கோடையில் குளிர்ச்சியாகவும் குளிரில் சற்றுக் கதகதப்பாகவும் இருக்கும். வரைபடத்தில் இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை.

படி 3: நீரின் வேகம்

ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. 10 மீட்டரை எத்தனை நொடியில் கடக்கிறது என்று மூன்று முறை பார்த்து, சராசரி எடுங்கள். 10-ஐ அந்த நொடிகளால் வகுத்து 0.85-ஆல் பெருக்கினால், மேலிருந்து அடிவரையிலான சராசரி வேகம் கிடைக்கும். மேல்பரப்பு வேகமாகவும் அடிப்பகுதி மெதுவாகவும் ஓடுவதால்தான் அந்தப் பெருக்கல்.

இது எதற்கு என்றால், இரை தேடும் ட்ரவுட் வேகமான நீருக்குள் நிற்பதில்லை, அதன் ஓரத்து மெதுவான நீரில் நிற்கும். பூச்சிகளைக் கொண்டுவருவது வேகமான நீர். சக்தியை மிச்சப்படுத்துவது மெதுவான நீர். இரண்டும் உரசும் கோட்டையும் பாறையின் முன்னும் பின்னும் உள்ள தணிந்த நீரையும் பாருங்கள். மீனின் தலை நீர் வரும் திசையை நோக்கியிருக்கும் என்பதால், கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நடந்து போங்கள்.

படி 4: அளவை இடத்தோடு பொருத்துங்கள்

5 டிகிரிக்குக் கீழே: செரிமானம் மந்தமாகிவிடும். மீன் ஆழமான மடுவுக்கும் ஊற்றடிக்கும் ஒதுங்கும். சின்ன மீன்கள் பகலில் கற்களின் இடுக்கில் ஒளிந்து இரவில் வெளியே வரும். பகலில் எதுவும் தெரியாததால் ஓடை காலி என்று முடிவு செய்வது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

6 முதல் 11 வரை, ஏறுமுகம்: வசந்தம். நண்பகலுக்குப் பிறகு மடுவின் தலைப்பகுதிக்கும் ஓட்டத்துக்கும் நகரும். பனி உருகி ஆறு பெருகினால் கரையோரத் தணிந்த நீரில் தேடுங்கள். வானவில் ட்ரவுட் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் முட்டையிட மேலேறும்.

12 முதல் 16 வரை: நன்றாக இரை எடுக்கும் காலம். சலசலப்பிலும் ஓட்டத்திலும் பரவி நிற்கும். அந்தியிலும் விடியலிலும் நீரில் மிதந்துவரும் பூச்சிகள் கூடும்.

18-ஐத் தாண்டினால்: இங்கே கவனம் தேவை. நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும், 20 டிகிரி நீர் 9.1 மட்டுமே. மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதனால் சில மீன்கள் நுரைக்கும் சலசலப்புக்கு ஏறும். வேறு சில குளிர்ந்த கிளை ஓடை முகத்தில் கூட்டமாகச் சேரும். இதற்காகக் கிலோமீட்டர் கணக்கில் நகரும் மீன்களும் உண்டு. 20-ஐத் தொட்டால் மீன்பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். திரும்ப விட்டாலும் போராடிக் களைத்த மீன் தேறாமல் போகலாம். 25-ஐ ஒட்டிய சூடு நீடித்தால் பழுப்பு ட்ரவுட் உயிர் பிழைக்காது. குளிர்முகத்தில் கூடிய மீன்களை விரட்டவும் கூடாது, அவற்றுக்குப் போக வேறு இடமில்லை.

இறங்குமுகம், இலையுதிர்காலம்: பகல் குறுகி, நீர் 10 டிகிரியை ஒட்டி இறங்கி, மழையில் ஓடை ஏறும்போது பழுப்பு ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் மேல்நோக்கிக் கிளம்பும். மடுவின் வால்பகுதியில், சலசலப்பு தொடங்குமிடத்தில், சரளைக்கல் உள்ளதா என்று பாருங்கள். பெண் மீன் உடலைச் சாய்த்து வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மேல்பக்கத்துச் சரளையால் மூடும். பாசி படிந்த கருங்கற்களுக்கு நடுவே வெளுத்த நீள்வட்டத் திட்டாக அந்த இடம் தெரியும். மழையே வராவிட்டால் மீன்கள் கீழ் மடுக்களில் காத்துநிற்கும்.

அந்தத் திட்டை மிதிக்காதீர்கள். 10 டிகிரி நீரில் பழுப்பு ட்ரவுட் முட்டை பொரிக்க ஏறத்தாழ ஆறு வாரம், 5 டிகிரியில் மூன்று மாதம் ஆகும். பொரித்த குஞ்சும் மஞ்சள்கருப் பை தீரும்வரை சில வாரம் கல்லுக்குள்ளேயே இருக்கும். அதனால் குளிர்காலம் கடந்து வசந்தம்வரை சரளைத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும்.

கணிப்பு பொய்த்தால்

வெப்பநிலை சரி, இடம் சரி, மீன் இல்லை என்றால் முதலில் மேலே அணை உள்ளதா என்று பாருங்கள். ஆழத்து நீரைத் திறந்துவிடும் அணைக்குக் கீழே கோடையிலும் நீர் சில்லென்று இருக்கும். அங்கே பருவங்களின் வரிசையே மாறிவிடும். அடுத்து வண்டல். சரளையின் இடுக்குகளில் சேறு அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் போகாது, எனவே நல்ல வெப்பநிலையிலும் அந்தச் சரளைப் பரப்பு பயன்படாது. ஒரு கல்லை மட்டும் புரட்டுங்கள். புகைபோல் சேறு கிளம்பினால் முட்டைக்குழிகளை இன்னும் மேலே, கிளை ஓடையில் தேடுங்கள்.