புருவத்தில் கை வைக்கும் முன் காதுமடலைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில், என்னிடம் மைக்ரோபிளேடிங் (நுண்கத்தியால் தோலைக் கீறி நிறமேற்றிப் புருவம் வரைவது) கற்க வருகிற பெண்கள் முதல் நாளே கத்தியைக் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன். அரைநிரந்தரப் புருவம் கெட்டுப்போவது பெரும்பாலும் கை தவறியதால் அல்ல, தோலைப் பார்க்கத் தவறியதால்தான்.

முதல் படி, வெளிச்சம். வாடிக்கையாளரைச் சன்னல் ஓரம் உட்கார வையுங்கள். வட்ட விளக்கின் கீழ் எல்லா முகமும் அழகுதான். ஒப்பனையைத் துடைத்து, முகம் கழுவி, எந்தப் பூச்சும் இல்லாமல் அரை மணி நேரம் இருக்கட்டும். பிறகு டிஷ்யூ பேப்பரைப் புருவத்தின் மேல் ஐந்து விநாடி அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. வியர்வை ஈரம் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். வடை வைத்த காகிதம்போல் காயாமல் பளபளத்தால் அது எண்ணெய். எண்ணெய்த் தோலில் கத்தியால் மெல்லிய முடிக்கோடுகள் போடாதீர்கள். தொடக்கக் காலத்தில் நான் போட்டேன். ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தபோது, கோடுகள் மை ஊறிய தாள்போல் ஒன்றோடொன்று கலந்திருந்தன. இத்தகைய தோலுக்கு இயந்திர ஊசியால் புள்ளி புள்ளியாக நிறமேற்றும் பவுடர் புருவமே ஏற்றது.

அந்த அரை மணி நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். "ஏதாவது நோய் உண்டா, ஆன்ட்டி?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை என எல்லாம் வெளியே வரும். மாத்திரையை நிறுத்தச் சொல்வது நம் வேலை அல்ல. மருத்துவரின் கடிதம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் செய்ய வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள், நிறுத்திக் குறைந்தது ஆறு மாதமாவது ஆக வேண்டும். ரெட்டினால் கலந்த முகப்பூச்சு பூசுகிறவர்கள் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

அடுத்தது பழைய தழும்புகள். எனக்கு மிகவும் பிடித்த படி இது. புருவத்தில் காயம் எப்படி ஆறும் என்பதை உடம்பு வேறு எங்கோ ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. காது குத்திய இடம், மூக்குத்தித் துளை, மேல்கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு, எல்லாவற்றையும் பாருங்கள். நம் ஊரில் காவடி எடுத்தவர்களிடம் இன்னும் வசதி: கன்னத்தில் அலகு, முதுகில் கொக்கி குத்திய இடங்களைக் கேட்டுப் பாருங்கள். காயத்தின் எல்லையைத் தாண்டி உருண்டு மேடாக வளர்ந்திருந்தால் அது கெலாய்ட். அவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். மேடில்லாமல் கறுத்து மட்டும் இருந்தால், புருவத்தைச் சுற்றியும் கறுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகுதான் புருவம். பூதக்கண்ணாடியில் செதில், பரு, த்ரெட்டிங் செய்த சிவப்பு எதுவும் தெரிந்தால் ஆறும்வரை தள்ளிப் போடுங்கள். மச்சத்தின் மேல் ஊசி படக்கூடாது. வால் பக்கத்து மூன்றிலொரு பங்கு முடி மட்டும் உதிர்ந்திருந்தால், தைராய்டு பரிசோதனைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நிறத்துக்கு வருவோம். 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் தொடங்கிய அளவுகோல் இன்று தோலை ஆறு வகையாகப் பிரிக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் நான்கு, ஐந்து. நிறமி தோலின் இரண்டாம் அடுக்கின் மேற்பகுதியில் தங்க வேண்டும். ஆழம் போனால் பழுப்பு நிறம் சாம்பல் நீலமாகத் தெரியும்.

இங்கே ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: சிவப்பழகுக் க்ரீம். தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் கலந்த அழகுப் பூச்சுகளை இந்த நாடு 1990இலேயே தடை செய்தது. ஆனாலும் பெயர் ஒட்டாத டப்பாக்கள் இன்னும் கைமாறுகின்றன. சென்ற ஆண்டு வந்த ஓர் ஆன்ட்டி, "சோப்புகூட அதிகம் போடுவதில்லை, மா" என்றார். முகம் கழுத்தைவிட இரண்டு படி வெளுப்பு. நெற்றித் தோலை இரு விரலால் மெல்ல இழுத்தேன். சிவப்பு நரம்புகள் நூல்நூலாகத் தெரிந்தன. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பூசி மெலிந்த தோல் இப்படித்தான் இருக்கும். நான் பேசாமல் இருந்தேன். அவரே கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து வைத்தார். தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, பணம் வாங்காமல் அனுப்பினேன். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கும். ஆகவே அதையும் மருத்துவரிடமே விடுங்கள்.

கடைசியாகப் பேட்ச் டெஸ்ட், அதாவது ஒவ்வாமை வருகிறதா என்ற சோதனை. காதின் பின்புறம் நிறமியில் ஒரு பொட்டு, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் க்ரீமில் ஒரு பொட்டு. 48 மணி நேரம் பொறுங்கள். தலைச்சாயம் பூசி எப்போதாவது அரித்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டவை, பார்த்தவை அனைத்தையும் அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது அவருடைய உடல்நிலைத் தகவல், பூட்டி வையுங்கள்.

தேதி குறிக்கும்போது கோயில் நாள்காட்டியையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புருவம் உரிந்து ஆறப் பத்து நாளாவது வேண்டும். தைப்பூசத்துக்கும் பெரிய வெள்ளித் தீமிதிக்கும் முந்தைய இரண்டு வாரங்களில் நான் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. வெயில், வியர்வை, மஞ்சள், விபூதி நான்கும் ஒன்றாக நெற்றியில் இறங்கும் நாட்கள் அவை.